சங்கத்து வண்டியும் சிக்கனமும்

கூட்டுறவுச் சங்கத்தின் பணம் அங்கத்தினர்களின் பணம். அதில் ஒரு காசும் வீணாகாமல் காப்பது நிர்வாகக் குழுவின் கடமை. அவ்வாறு காக்கப்படுகிறதா என்று பார்ப்பது என் போன்ற ஆய்வாளர்களின் கடமை. இதில் இருவேறு அபிப்பிராயத்திற்கு இடமில்லை. ஆனால் செலவைக் குறைப்பது வேறு, செலவைத் தள்ளிப்போடுவது வேறு. பின்னதையே சிக்கனம் என்று கருதிவிடும் வழக்கம் நம் சங்கங்களில் பரவியிருக்கிறது. அவ்வழக்கத்திற்கு நானும் ஒருமுறை துணைபோனவன் என்பதை முதலில் ஒப்புக்கொண்டுவிட்டு என் கருத்தைக் கூற விரும்புகிறேன்.

நீலகிரியில் காய்கறி விளைவிப்போர் சங்கம் ஒன்று. அதன் பெயர் இங்கு வேண்டியதில்லை. டீசலில் ஓடும் பிக்அப் வண்டி ஒன்று அச்சங்கத்திற்கு உண்டு. அறுவடைக் காலத்தில் அங்கத்தினர்களின் கேரட், உருளைக்கிழங்கு மூட்டைகளை ஏற்றிக்கொண்டு, பொழுது விடியுமுன் மலையிறங்கி, மேட்டுப்பாளையம் மண்டிக்குச் செல்லும். ஒரு குளிர்காலத்தில் அவ்வண்டி அதிகாலையில் கிளம்புவதற்குச் சிரமப்பட்டது. மெக்கானிக் சோதித்துப் பார்த்து, எஞ்சினில் உள்ள நான்கு குளோ பிளக்குகளில் ஒன்று எரிந்துபோயிற்று என்றும், நான்கும் ஒரே வயதுடையவை ஆதலால் நான்கையும் மாற்றிவிடுதலே நலம் என்றும் எழுதிக் கொடுத்தார். செயலாளரும் நான்கிற்கு விலைப்புள்ளி பெற்றுக் கோப்பில் வைத்திருந்தார். ஆய்வுக்குச் சென்ற நான், "பழுதுற்றது ஒன்று, நான்கு வாங்குவது தவிர்க்கத்தக்க செலவு" என்று குறிப்பெழுதினேன். சங்கம் ஒன்றை மட்டும் மாற்றியது. சங்கத்திற்குப் பணம் மிச்சப்படுத்திக் கொடுத்தோம் என்ற திருப்தியுடன் நான் திரும்பினேன்.

மறு ஆண்டு உறைபனிக் காலம் வந்தது. வண்டி மீண்டும் முரண்டு பிடித்தது. பிளக் சென்ற ஆண்டுதானே மாற்றப்பட்டது என்று எண்ணி எவரும் அப்பக்கம் பார்க்கவில்லை. பேட்டரி புதிதாக வாங்கப்பட்டது. ஸ்டார்ட்டர் மோட்டார் பழுது பார்க்கப்பட்டது. டிரைவர் சோம்பலால் காலந்தாழ்த்துகிறார் என்ற அவச்சொல்லும் எழுந்தது. கடைசியில் ஒருநாள் அதிகாலை, கழுவிய கேரட் மூட்டைகளுடன் வண்டி அசையவே இல்லை. வேறு வண்டி கிடைப்பதற்குள் அன்றைய ஏலம் முடிந்துவிட்டது. கழுவிய கேரட் நெடுநேரம் தாங்காது என்பதை விளைவிப்போருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பின்னர் நான் அங்குச் சென்றபோது வயது முதிர்ந்த அங்கத்தினர் ஒருவர், "ஐயா, வண்டி இன்று இல்லாவிட்டால் நாளைக்குக் கிளம்பும், போன விலை நாளைக்கு வருமா?" என்று கேட்டார். எரிந்துபோயிருந்தவை, சென்ற ஆண்டு நான் மாற்றவிடாமல் தடுத்த பிளக்குகளுள் இரண்டு. நான்கு பிளக்குகளும் சேர்ந்து அப்புதுப் பேட்டரியின் பாதி விலைக்கு வந்திரா.

இச்சிறு கருவியின் வேலையை அறிந்தால் அந்தக் குறிப்பின் பிழை விளங்கும். பெட்ரோல் எஞ்சினில் உள்ளதுபோல் டீசல் எஞ்சினில் தீப்பொறி எழுப்பும் பிளக் கிடையாது. சிலிண்டரில் காற்று மிக இறுக்கமாக அழுத்தப்படுகிறது. அதனால் எழும் சூட்டிலேயே டீசல் பற்றிக்கொள்கிறது. பனியில் இரவு முழுவதும் நின்ற வண்டியின் எஞ்சின் குளிர்ந்து கிடக்கும். காற்றில் எழும் சூட்டை அந்த உலோகமே உறிஞ்சிவிடும். அக்குறையை ஈடுசெய்வதற்கே சிலிண்டருக்கு ஒன்றாகக் குளோ பிளக் வைத்திருக்கிறார்கள். சாவியைத் திருப்பியதும் மின்சாரம் பாய்ந்து, அதன் மெல்லிய முனை சில விநாடிகளில் 800 டிகிரி செல்சியசுக்கு மேல் பழுக்கிறது. பழைய வகைகளுக்குச் சற்றுக் கூடுதல் நேரம் பிடிக்கும். சமவெளியின் வெப்பத்தில் பல எஞ்சின்கள் இதன் உதவியின்றியே கிளம்பிவிடும். ஆதலால் கீழே மறைந்திருக்கும் பழுது மலையில் வெளிப்படுகிறது. காலையில் நெடுநேரம் சுழன்ற பிறகே எஞ்சின் பிடிப்பது, பிடித்ததும் வெண்புகை கக்குவது, சூடேறும் வரை நடுங்குவது ஆகியவை இதன் அடையாளங்கள்.

நான்கு பிளக்குகளும் ஒரே நாளில் பொருத்தப்பட்டு, ஒரே அளவு உழைத்தவை. தேய்ந்து ஒன்று போனால் மற்றவையும் முதுமை எய்தியவை என்றே கொள்ளல் வேண்டும். தறியில் விழுது முழுவதும் நைந்துபோனதைக் கண்ட நெசவாளர், அறுந்த ஒரு கண்ணை மட்டும் சரிசெய்துவிட்டுப் புதிய பாவை ஏற்றுவாரா? அண்மையில் பொருத்திய பிளக் உற்பத்திக் குறையால் கெட்டுப்போனால் அதை மட்டும் மாற்றலாம். அது வேறு விஷயம்.

இதனால் எவர் எதைக் கேட்டாலும் வாங்கிக் கொடுத்துவிடலாம் என்று நான் கூறவில்லை. சோதனையின்றி ஒரு பொருளையும் மாற்றலாகாது. இச்சோதனையோ மிக எளியது. பிளக்கின் மேலுள்ள மின் இணைப்பைக் கழற்றிவிட்டு, அதன் முனைக்கும் எஞ்சின் உடலுக்கும் இடையே மல்டிமீட்டரால் மின்தடையை அளக்க வேண்டும். 12 வோல்ட் உலோக பிளக் நல்ல நிலையில் சாதாரணமாக 2 ஓமுக்குக் குறைவாகவே காட்டும். எரிந்துபோனது இணைப்பே இல்லை என்று காட்டும். பிளக்குகள் நன்றாக இருந்தும் அவற்றுக்கு மின்சாரம் வரவில்லையானால், குற்றம் ரிலேயிலோ ஃபியூசிலோ கட்டுப்பாட்டுக் கருவியிலோ இருக்கும். இவ்வளவையும் பார்க்கச் சிறிது நேரம் போதும். பேட்டரி வாங்குமுன் இதைச் செய்திருந்தால் அச்சங்கத்திற்குப் பெருஞ்செலவு நேர்ந்திராது. டிரைவருக்கும் அவச்சொல் வந்திராது.

மாற்றும் வேலையில் அவசரம் ஆகாது. பேட்டரியின் எதிர்மின் இணைப்பை முதலில் கழற்ற வேண்டும். பிளக்கைச் சுற்றியுள்ள அழுக்கு சிலிண்டருக்குள் விழாதவாறு துடைக்க வேண்டும். துருநீக்கும் எண்ணெய் விட்டு ஊறவைத்து, எஞ்சின் வெதுவெதுப்பாக இருக்கும்போது மெல்லத் திருக வேண்டும். இறுகியதைப் பலம் கொண்டு திருகினால் பிளக் உள்ளேயே முறிந்துவிடும். பிறகு எஞ்சினின் தலைப்பகுதியையே கழற்ற நேரிடலாம். புதியதைக் கையால் மரை பிடிக்கச் செய்து, தயாரிப்பாளர் குறித்த அளவுக்கு டார்க் ஸ்பேனரால் முடுக்குதல் முறை. வோல்ட் அளவும் மிக முக்கியம். 12 வோல்டுக்கும் குறைந்த மின்னழுத்தத்தில் வேலை செய்யும் பிளக்குகளும் உண்டு; பார்வைக்கு ஒன்றுபோல் இருப்பினும் இடம் மாற்றிப் பொருத்தினால் எரிந்துவிடும். எனவே விலைப்புள்ளி கேட்கும்போது பாக எண்ணைக் குறிப்பிட்டே கேட்க வேண்டும். விலை குறைவு என்பதற்காக வேறொன்றை ஏற்கலாகாது. கிளம்பாத எஞ்சினுக்குள் ஈதர் தெளிக்கும் குறுக்குவழி, குளோ பிளக் உள்ள வண்டியில் மிகவும் அபாயமானது. பழுத்த முனையில் அது வெடித்து எஞ்சினைச் சிதைக்கக்கூடும்.

இனி நிர்வாக முறைக்கு வருவோம். "சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்" என்பார்கள். சிறு பாகம் ஒன்றுக்காகக் குழுக் கூட்டம் வரை காத்திருந்து, அதற்குள் வாடகை வண்டிக்குப் பணம் கொடுப்பது அத்தகையதே. வண்டி வைத்திருக்கும் சங்கங்கள், குழுத் தீர்மானத்தின் மூலம் ஒரு வரம்புக்குட்பட்டுச் சிறு பழுதுச் செலவுக்குச் செயலாளருக்கு அதிகாரம் அளிக்கலாம். வண்டிக்குத் தனிப் பதிவேடு ஒன்று வேண்டும். டிரைவர் சொல்லும் குறையும், சோதனையின் அளவும், மாற்றிய பாகத்தின் எண்ணும், நாளும், கிலோமீட்டரும் அதில் ஏற வேண்டும். மலைச் சங்கங்கள் அக்டோபர் மாதத்திலேயே இச்சோதனையை முடித்துவிடுதல் நன்று.

நான்கு வாங்கியதாக எழுதி ஒன்றை மட்டும் மாட்டும் முறைகேட்டிற்கு இது வழிவகுக்காதா என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். கழற்றிய பழைய பிளக்குகள் நான்கையும் சீட்டுக் கட்டி, அடுத்த ஆய்வு வரை சங்கத்தில் வைத்திருக்கட்டும். ஆய்வாளர் பதிவேட்டோடு அவற்றையும் ஒப்பிட்டுப் பார்க்கட்டும். சந்தேகத்தைத் தீர்க்க இவ்வழி இருக்கும்போது, தேவையான செலவையே தடுப்பது கண்காணிப்பு ஆகாது.

நூல் கொண்டுவரும் வண்டியாயினும், காய்கறி கொண்டுபோகும் வண்டியாயினும், அது நிற்கும் நேரம் கணக்குப் புத்தகத்தில் பற்று எழுதப்படுவதில்லை. அங்கத்தினரின் வீட்டில்தான் எழுதப்படுகிறது. அதை அன்று நான் பார்க்கத் தவறினேன். அடுத்த ஆய்வின்போது என் பழைய குறிப்பை நீக்கி, நான்கையும் மாற்றியது முறையே என்று எழுதிக் கையொப்பமிட்டேன். டிரைவர்மீது குறை இல்லை என்பதையும் அதன் கீழ் எழுதினேன்.