எண் மாறினால் தூரம் கூடுமா?
அறுபதைத் தாண்டி கோல்ஃபுக்குத் திரும்புகிறவர் புது மாடல் அயர்ன் செட்டுக்குப் பணத்தைக் கொட்டியே ஆகவேண்டும், மலிவானதில் தூரம் கிடைக்காது என்கிறார் நண்பர். அந்தத் தூரம் எங்கிருந்து வருகிறது? 1980-களில் 7-அயர்னின் சாய்வு 35 டிகிரிக்குப் பக்கம். இன்று பல செட்டுகளில் 30-க்கும் கீழே; சாய்வு குறைந்தால் தூரம் கூடும். ஏறக்குறைய பழைய 5-அயர்ன்தான், அடியில் 7 என்று பொறித்திருக்கிறார்கள். (நம் வீம்புக்கு அது இதம்தான்!) முகப்புத் தகடு மெலிந்து பந்து துள்ளுவதும் உண்மை, அதற்காக அவ்வளவு விலையா?

எடையை விளிம்புக்குத் தள்ளி, நடுவில் படாத அடியையும் மன்னிக்கும் தலையை பிங் ஐ 2 அயர்ன் செட் 1982-லேயே தந்துவிட்டது. இன்று மலிவு செட்டிலும் அது உண்டு. முழங்கை வலிக்கிறவருக்கு எடை குறைந்த கிராஃபைட் தண்டும் வழுக்காத புது கிரிப்பும்தான் முதல் தேவை. 3, 4 அயர்னை ஒதுக்கிவிட்டு ஒரு ஹைப்ரிட் போதும். மிச்சப் பணத்தில் நண்பர் சொல்லாத ஒன்றை வாங்கலாம்: நல்ல பயிற்சியாளரின் சில மணி நேரம்.