கட்டை என்று பேர் வைத்தவர்கள்

மனுசனை அறுக்கிறதுக்கு முந்தி அவன் பேரைப் பிடுங்கணும். ஜப்பான் ராணுவத்தின் 731ஆம் பிரிவு அதைத்தான் முதலில் செய்தது. மஞ்சூரியாவில், ஹார்பின் பக்கத்துப் பிங்ஃபாங்கில் அவர்கள் முகாம். பிடித்துவந்த சீனர், கொரியர், ரஷ்யர், மங்கோலியர் எல்லோருக்கும் அங்கே ஒரே பேர்: 'மருதா'. ஜப்பானிய மொழியில் மரக்கட்டை என்று அர்த்தம். அடையாளத்துக்கு ஆளுக்கொரு எண். கட்டைக்கு எதுக்குப் பேர்?

பிளேக் கிருமியை ஏற்றினார்கள். மயக்கமருந்துகூடக் கொடுக்காமல் உயிரோடு கிழித்துப் பார்த்தார்கள். கடுங்குளிரில் கையை உறையவைத்து, பலகைமாதிரிச் சத்தம் வருதா என்று குச்சியால் தட்டினார்கள். குறைந்தது 3000 பேர் செத்தார்கள். 1945 ஆகஸ்டில் மிச்சமிருந்த கைதிகளையும் கொன்று, கட்டடங்களை வெடிவைத்துத் தகர்த்துவிட்டு ஓடினார்கள்.

செய்தவன் படிக்காத முரடன் இல்லை. தலைவன் இஷீ ஷிரோ, கியோட்டோவில் படித்த டாக்டர்.

சட்டம் என்ன செய்தது? 1946 டிசம்பரில் நூரம்பர்க்கில் 23 பேரை நாஜி மருத்துவக் குற்றங்களுக்காக அமெரிக்க நீதிபதிகள் விசாரிக்க உட்கார்ந்தார்கள். ஏழு பேருக்குத் தூக்கு. அந்த அமெரிக்காதான் ஜப்பானில் இஷீயோடு பேரம் பேசியது. சோதனைக் குறிப்புகளைக் கொடு, வழக்கு கிடையாது. இப்படிச் சோதனை செய்ய நம் மனசாட்சி இடங்கொடுக்காது என்று 1947இல் அவர்களே அறிக்கையும் எழுதிக்கொண்டார்கள். செய்தவனிடம் வாங்கிக்கொள்ள மட்டும் அந்த மனசாட்சி இடங்கொடுத்தது!

1949இல் கபரோவ்ஸ்கில் சோவியத் நீதிமன்றம் 12 பேரைத் தண்டித்தது. பிரச்சாரம் என்று மேற்கத்தியர்கள் ஒதுக்கினார்கள். இஷீ 1959இல் நோயில் செத்தான், கூண்டில் ஒருநாளும் ஏறாமல். உறைபனிச் சோதனை செய்த யோஷிமுரா மருத்துவப் பல்கலைக்கழகத்துக்கே தலைவரானார்.

'எப்படியோ, அறிவியலுக்கு உதவியதே' என்கிறார்கள் சில கனவான்கள். குடலை உருவினவன் குறிப்பேடு வைத்திருந்தால் அது கல்வியாகிவிடுமா? வாங்கினவனும் பங்காளிதான்.

கிருமிப்போரில் சொந்தங்களை இழந்தவர்களும் பாதிக்கப்பட்டவர்களுமாக 180 சீனர்கள் தொடுத்த வழக்கில் 2002இல் டோக்கியோ நீதிமன்றம் சொன்னது: கிருமிப்போர் நடந்தது நிஜம், இழப்பீடு கிடையாது. 2007இல் உச்சநீதிமன்றமும் கைவிரித்தது.

2018இல் ஜப்பான் அரசு ஆவணக்காப்பகம் 731ஆம் பிரிவில் வேலை பார்த்த 3607 பேரின் பட்டியலை வெளியே விட்டது. கொன்ற கூட்டத்துக்குப் பேர் இருக்கிறது, பதவி இருக்கிறது. செத்தவர்களில் பெரும்பாலோர் இன்னும் எண்தான். அந்தப் பேர்களைத் திருப்பிக் கொடுக்காதவரை வழக்கு முடிந்தது என்று எவனும் சொல்லக்கூடாது.