செப்பேட்டில் ஏறாதவள்

திருவாலங்காட்டில் 1905-ஆம் ஆண்டு சோழர் செப்பேடு கிடைத்தது. மொத்தம் 31 ஏடுகள். பழையனூரைத் திருவாலங்காட்டுக் கோயிலுக்கு இராசேந்திர சோழன் வழங்கிய சாசனம் அது. தமிழர் வரலாற்றுக்குப் பெருஞ்செல்வம். நாமும் பெருமைப்படுகிறோம்.

ஆனால் ஒன்று கேட்கிறோம். அந்த ஏட்டிலே அரசர் பரம்பரை உண்டு. கணவனோடு தீயில் மாண்ட அரசி வானவன் மாதேவி உண்டு. தானம் தந்த ஊரின் எல்லையைச் சுற்றி நடந்த பெண் யானைகூட உண்டு! அந்த எல்லைக்குள்ளே சேற்றில் குனிந்து நாற்று நட்ட பெண் உண்டா? இல்லை!

போகட்டும், அது மன்னர் காலம். செப்பேடு கிடைத்த காலத்தையே பார்ப்போம். 1856-இலேயே இந்தப் பக்கம் ரயில் ஓடத் தொடங்கிவிட்டது. வண்டியில் போனவர்கள் கண்டதெல்லாம் வயலில் வரிசையாகக் குனிந்த முதுகுகள். யார் அவர்கள்? நம் பாட்டியும் பூட்டியும்தான்!

கோழி கூவுமுன் எழுந்தாள். திருகையில் கேழ்வரகு அரைத்தாள், கூழ் காய்ச்சினாள். வரப்போர மரத்தில் தூளி கட்டிப் பிள்ளையைப் போட்டுவிட்டு நடவுக்கு இறங்கினாள். நடவு, களை, அறுப்பு. பொழுது சாய்ந்தால் கூலி நெல்லாக அளக்கப்படும். ஆணுக்கு ஓர் அளவு. அவளுக்கு அதிலும் குறைவு. அந்த நெல்லை அவளே குத்தினால்தான் அரிசி. அவளே உலை வைத்தால்தான் சோறு.

சட்டம் காத்ததா? ஆலைப் பெண்ணுக்கு நாளொன்றுக்கு 11 மணி நேரம்தான் வேலை என்றது 1891-ஆம் ஆண்டுச் சட்டம். வயலுக்கு அது வரவில்லை. அங்கே சூரியன்தான் கடிகாரம். 1921-இல் சென்னை மாகாணத்துப் பெண்ணுக்கு வாக்குரிமை வந்தது, சொத்துள்ளவளுக்கு மட்டும்! கூலிக்காரி வாக்குச் சீட்டைத் தொட 1952 வரவேண்டியிருந்தது. சம ஊதியச் சட்டம் 1976-இல்தான் பிறந்தது. பூர்வீகச் சொத்தில் மகளுக்குச் சம பங்கு தமிழ்நாட்டில் 1989-இல்தான் கிடைத்தது.

சட்டம் ஏட்டில் ஏறியது, வரப்பில் இறங்கியதா? இன்றும் பல ஊர்களில் ஆண் கூலி வேறு, பெண் கூலி வேறு. உழைப்பவள் அவள்; பட்டாவில் பெயர் அவனுடையது.

தோழர்களே! பழியைப் பண்ணையார் தலையில் மட்டும் போட்டுவிட்டு நாம் நழுவ முடியாது. இதே மாவட்டத்துக் கும்மிடிப்பூண்டி ஆலை வாயிலில் கூலி உயர்வு கேட்டு முழங்குகிறோம். பக்கத்தில் நிற்கும் ஒப்பந்தத் தொழிலாளிப் பெண்ணுக்கு என்ன கூலி என்று விசாரித்தோமா? சங்கத்தில் அவளைச் சேர்த்தோமா? வீட்டு மனைப் பட்டாவில் மனைவியின் பெயரை எழுதச் சொன்னோமா?

செப்பேடு வெட்ட மன்னன் வேண்டும். கோரிக்கை மனு எழுத நாம் போதும். அடுத்த சங்கக் கூட்டத்திலே முதல் வரியாக எழுதுவோம்: சம வேலைக்குச் சம கூலி! பாட்டிக்குப் பட்ட கடனைப் பேத்தியிடமாவது தீர்ப்போம்!