பெயரை மாற்றினால் கஞ்சா சணப்பாகுமா?

கள்ளுக் குடத்தின்மேல் ‘பால்’ என்று எழுதி வைத்தால் கள் பாலாகிவிடாது. குடித்தவன் தள்ளாடத்தான் செய்வான். இதை அறியாத தமிழன் எவனும் இலன். ஆனால் அதே குடத்தின்மேல் ஆங்கிலச் சொல் ஒன்றை எழுதி வைத்துவிட்டால் போதும்; உள்ளே இருப்பது என்ன என்று கேட்கவும் மறந்து, அந்தச் சொல்லின் பளபளப்பிலேயே மயங்கி, கை நீட்டி வாங்கிவிடுகின்றான்.

அப்படி எழுதப்பட்ட குடங்களுள் ஒன்றுதான் ‘சி.பி.டி. எம்ப் பிளவர்’ என்பது. அமெரிக்காவிலும் ஐரோப்பிய நாடுகள் சிலவற்றிலும் கடைகளில் வைத்து விற்கப்பட்ட, புகைப்பதற்கான பூ இது. அதன் புகழ் கைப்பேசியின் வழியே சேலத்துக்கும் நாமக்கல்லுக்கும் வந்து சேர்ந்திருக்கின்றது. “இது கஞ்சா அன்று, வெறி ஏறாது, உள்ளம் அமைதியுறும், உறக்கம் வரும், இயற்கை தந்தது” என்பதே அதன் விளம்பரம்.

திருச்செங்கோட்டு இளைஞன் ஒருவனை எண்ணிப் பார்க்க. ஆழ்துளைக் கிணறு தோண்டும் வண்டியோடு மாதக் கணக்கில் வெளிமாநிலங்களில் அலைந்து வீடு திரும்பியவன். துளைப்பொறியின் இரைச்சலும் கல்தூளும் அவன் உறக்கத்தைத் தின்றுவிட்டன. உடன் பணியாற்றும் ஒருவன் சிறு பொட்டலம் ஒன்றை நீட்டுகின்றான். “கஞ்சாவா? எனக்கு வேண்டா” என்கின்றான் இவன், இவன் தாய் இவனை அவ்வாறுதான் வளர்த்திருக்கின்றாள். “அட, கஞ்சா இல்லையப்பா, எம்ப்!” என்று விடை வருகின்றது. எம்ப் என்றால் என்ன என்று கைப்பேசியில் தேடிப் பார்க்கின்றான். ‘சணல்’ என்று காட்டுகின்றது. சணலா! மூட்டை தைக்கும் சணல், தந்தை வயலில் விதைத்து மடக்கி உழுத சணப்பு, இதில் என்ன தீங்கு இருந்துவிடப் போகின்றது? தாய் சொல் கட்டிய வேலியை அயற்சொல் ஒன்று நொடியில் பிரித்துப் போட்டுவிட்டது.

இந்த ஏமாற்று எங்கே தொடங்குகின்றது என்று காண வேண்டும்.

ஆங்கிலத்தில் ‘எம்ப்’ என்பது ஒரு செடியின் பெயரன்று. கண்ட நாரையெல்லாம் போட்டு வைத்த கோணிப்பை. நெல்லுக்கு முன் தழையுரமாக விதைத்து, மஞ்சள் பூ எடுக்கும் பருவத்தில் மடக்கி உழும் சணப்பை ஆங்கிலேயன் ‘சன் எம்ப்’ என்றான். அஃது அவரையினத்துச் செடி. வேர் முடிச்சுகளால் மண்ணுக்கு வளம் சேர்ப்பது. புளிச்சையை ‘டெக்கான் எம்ப்’ என்றான். அது செம்பருத்தியின் இனம். நார்க்கற்றாழையைச் ‘சைசல் எம்ப்’ என்றான். வாழையினத்து நாரை ‘மணிலா எம்ப்’ என்றான். கஞ்சாவை ‘இந்தியன் எம்ப்’ என்றான். ஒன்றுக்கொன்று உறவே இல்லாத ஐந்து செடிகளுக்கு ஒரே பெயர்!

ஆத்தூர்ப் பக்கத்து உழவன் இவற்றுள் ஒன்றையேனும் மற்றொன்றாக எண்ணி மயங்கியதுண்டா? சணப்பு வேறு, புளிச்சை வேறு, கற்றாழை வேறு, வாழை வேறு, கஞ்சா வேறு என்று அவன் நா தெளிவாகப் பிரித்துச் சொல்லும். தெளிவு தமிழில் இருக்கின்றது. குழப்பம் ஆங்கிலத்தில் இருக்கின்றது. ஆயினும் குழப்பத்தைத் தலைமேல் தூக்கி வைத்துக்கொண்டு, தெளிவைப் பட்டிக்காட்டுப் பேச்சென்று தள்ளுவதைப் படிப்பென்று கருதுகின்றனர் நம் படித்தோர்!

இதில் நகைப்புக்குரிய செய்தியும் ஒன்றுண்டு. 1893-இல் ஆங்கில அரசு இந்நாட்டில் கஞ்சா, பங்கு, சரசு ஆகியவற்றின் நன்மை தீமைகளை ஆராய ஒரு குழுவை அமர்த்தியது. அதன் பெயரே ‘இந்தியன் எம்ப் டிரக்சு கமிசன்’. 1894-இல் அறிக்கை தந்த அக்குழு, அளவோடு பயன்படுத்துவதில் பெருந்தீங்கில்லை என்றது. முற்றும் தடுக்க வேண்டா, வரியும் கட்டுப்பாடும் போதும் என்றது. அன்று வரி வாங்குகையில் ‘எம்ப்’ என்பது கஞ்சாவின் பெயர். இன்று பொட்டலம் விற்கையில் ‘எம்ப்’ என்பது கஞ்சா அல்லாததன் பெயர்! செடி மாறவில்லை, வணிகனின் தேவை மாறியிருக்கின்றது.

அப்படியானால் இன்றைய ‘எம்ப்’ என்பதுதான் என்ன? அதுவும் கஞ்சாச் செடியே. கன்னாபிசு என்னும் அதே இனம். அதே இலை, அதே பூ, அதே மணம். வெறியேற்றும் டி.எச்.சி. என்னும் பொருள் அதில் குறைவு, வெறியேற்றாத சி.பி.டி. என்னும் பொருள் அதில் மிகுதி. வேறுபாடு அவ்வளவே. எங்கே கோடு கிழிப்பது? 1976-இல் எர்னசுட்டு சுமால், ஆர்தர் குரோன்குவிசுட்டு என்னும் நிலைத்திணை அறிஞர் இருவர், வகைப்படுத்தும் வசதிக்காக 0.3 விழுக்காடு என்று ஓர் எல்லை வைத்தனர். அந்த எண்ணை அமெரிக்கா 2018-ஆம் ஆண்டின் வேளாண் சட்டத்தில் எடுத்து வைத்துக்கொண்டது. 0.3-க்கு உட்பட்டது ‘எம்ப்’, மேற்பட்டது கஞ்சா. ஆகவே ‘எம்ப்’ என்பது ஒரு செடியன்று, ஓர் எண். ஆய்வுக்கூடத்தில் அளந்தாலன்றி அந்த எண்ணைக் கண்ணாலும் காண முடியாது. மூக்காலும் அறிய முடியாது.

இந்நாட்டுச் சட்டம் அந்த எண்ணைக் கேட்கின்றதா? இல்லை! இங்கேதான் திருச்செங்கோட்டு இளைஞனின் கழுத்துக்குக் கயிறு காத்திருக்கின்றது. 1985-ஆம் ஆண்டின் போதைமருந்து, உளமயக்கப் பொருள்கள் சட்டம், கஞ்சாச் செடியின் பூவும் காயும் கொண்ட நுனிப்பகுதியே ‘கஞ்சா’ என்று வரையறுக்கின்றது. நுனியோடு சேராத விதையையும் இலையையும் அது விலக்கி வைக்கின்றது, பூவை விலக்கவில்லை. அதில் டி.எச்.சி. இத்தனை விழுக்காடு இருந்தால்தான் கஞ்சா என்ற எல்லையும் அந்த வரையறையில் இல்லை. இவற்றுக்கெல்லாம் மேலாக, அந்தப் பூ எப்பெயரால் அறியப்படினும், எப்பெயரால் குறிக்கப்படினும் அது கஞ்சாவே என்று அச்சட்டம் தெளிவாகச் சொல்லியிருக்கின்றது. பெயர் மாற்றி வருவான் வணிகன் என்பதைச் சட்டம் எழுதியவன் 1985-இலேயே அறிந்திருந்தான். 2018-க்குப் பின் கைப்பேசியில் பார்த்த தமிழிளைஞன்தான் அறியவில்லை!

ஓர் ஆயிரம் கிராம் வரை சிற்றளவு. அதற்கே ஓராண்டு வரை கடுஞ்சிறையோ பத்தாயிரம் உருபா வரை தண்டமோ இரண்டுமோ. அதற்கு மேல், இருபது ஆயிரம் கிராமுக்குக் குறைவான அளவென்றால் பத்தாண்டு வரை சிறை, ஓரிலக்கம் வரை தண்டம். இருபது ஆயிரம் கிராமைத் தாண்டி வணிக அளவாகிவிட்டால் பத்தாண்டுக்குக் குறையாத, இருபதாண்டு வரை நீளக்கூடிய சிறை. சேலம் வழியே செல்லும் தன்பாத்–ஆலப்புழைத் தொடர்வண்டியில் கஞ்சாப் பொதிகள் பிடிபட்ட செய்தி நாளிதழ்களில் பலமுறை வந்திருக்கின்றது. அப்பொதிகளைத் தேடும் காவலர், இளைஞனின் சட்டைப்பையில் அதே மணமுள்ள பூவைக் கண்டால் என்ன செய்வார்? ‘இது எம்ப், ஐயா’ என்றால் விட்டுவிடுவாரா? வழக்கு முடிந்து அவன் வெளியே வரும்போது, ஓட்டுநர் உரிமமும் கடவுச்சீட்டும் அரசுப் பணியும் எதிரே மூடிய கதவுகளாக நிற்கக்கூடும். அவனுக்கு அந்தச் சொல்லைக் கற்றுத் தந்த விளம்பரக்காரன் வந்து பிணை கொடுப்பானா?

இத்தனை இடர்ப்பாட்டுக்கும் ஈடாக அவன் பெறுவதுதான் என்ன? முதன்முறை புகைப்பவனுக்குத் தொண்டை எரிகின்றது, இருமல் எழுகின்றது, வாய் உலர்கின்றது. பின் சிறிது தளர்ச்சி, சிறிது தூக்கக் கலக்கம்; பலர்க்கு அதுவும் இல்லை. ‘ஒன்றும் தெரியவில்லையே’ என்று இன்னும் ஒன்று பற்ற வைக்கின்றான். தெரிவதற்கு அதில் மிகுதியாக ஒன்றும் இல்லை என்பதை அவனுக்கு எவரும் சொல்லவில்லை. எந்தத் தழையை எரித்தாலும் எழும் கரியும் கீலும் நச்சு வளியும் மட்டும் குறையின்றி நுரையீரலுக்குள் இறங்குகின்றன. கல்தூள் உண்டு இளைத்த நுரையீரலுக்கு இது மருந்தாம்!

பொட்டலத்துக்குள் இருப்பது விளம்பரம் சொன்ன அதே பூ என்பதற்கும் உறுதியில்லை. ஆய்வுக்கூடங்கள் நிறைந்த சுவிட்சர்லாந்திலேயே, வெறி குறைந்த பூவென்று விற்கப்பட்டதன்மேல் செயற்கை வேதிநஞ்சு தெளிக்கப்பட்டிருந்தது 2020-இல் கண்டறியப்பட்டது. அங்கே அந்நிலையென்றால், அளப்பாரும் ஆய்வாரும் இன்றி இருட்டில் கைமாறும் பொட்டலத்துக்கு எவன் பொறுப்பு?

சி.பி.டி. என்பதே பொய்யா என்றால், அன்று. உண்மையை மறைப்பது தமிழ்நெறியாகாது. 1940-இல் அமெரிக்க வேதியலறிஞர் உரோசர் ஆடம்சு குழுவினர் அப்பொருளைச் செடியிலிருந்து பிரித்தெடுத்தனர். குழந்தைகளை வாட்டும் இருவகைக் கொடிய வலிப்பு நோய்களுக்கு அதனின்று செய்த எபிடியோலெக்சு என்னும் மருந்தை அமெரிக்க அரசு 2018 சூன் திங்களில் ஏற்றுக்கொண்டது. ஆனால் அது வாய்வழி அருந்தும் நீர்மம். உடல் எடைக்கேற்ப மில்லிகிராம் கணக்கில் அளந்து, ஈரலுக்கு ஊறு நேர்கின்றதா என்று குருதியை ஆய்ந்து, மருத்துவர் தருவது. அம்மருந்தின் நற்பெயரைக் களவாடிப் பூவின் தலையில் சூட்டுவது மருத்துவமன்று, வணிகம்.

தமிழ் மருத்துவமும் இச்செடியை அறியாததன்று. சிவமூலி என்றும் கோரக்கர் மூலி என்றும் அதற்குப் பெயர்கள் வழங்கின. நாமக்கல்லின் தலைமேல் நிற்கும் கொல்லிமலையில், ஆகாய கங்கை அருவிப் பக்கத்தே, கோரக்கர் பெயரால் ஒரு குகையே இருக்கின்றது. அந்த மருத்துவன் அதனை மூலி என்று சொன்னான். மூலி என்றால் முறையுண்டு, அளவுண்டு, தூய்மை செய்யும் வகையுண்டு, பத்தியம் உண்டு. பெயரிலேயே பொறுப்பை வைத்தான் அவன். ‘பிளவர்’ என்று பெயரிட்டவனோ அதனைக் கூந்தலில் சூடும் மல்லிகைக்கு உறவாக்கி விற்கின்றான்.

“அரசே தெருத்தெருவாகச் சாராயக் கடை நடத்துகையில் ஒரு பூவுக்குச் சிறையா? வடமாநிலங்களில் பங்கு இலைக்கு அரசே உரிமம் தருகையில் இங்கு மட்டும் ஏன் தடை?” என்று கேட்பார் உளர். கேட்கத்தக்க கேள்விகளே. 1937 அக்டோபர் முதல் நாள், மதுவிலக்கு முதன்முதல் நடைமுறைக்கு வந்தது இன்றைய நாமக்கல்லையும் உள்ளடக்கிய அன்றைய சேலம் மாவட்டத்திலேதான். அந்த மண்ணில் இன்று சாராயம் ஆறாக ஓடுவது மானக்கேடே. சட்டத்தில் ஓரவஞ்சனை இருந்தால் அதனை மன்றில் ஏறிக் கேட்க. மக்களைத் திரட்டிக் கேட்க. மாற்ற முடிந்தால் மாற்றுக. ஆனால் கேட்பவன் ‘கஞ்சா’ என்று அதன் பெயரைச் சொல்லிக் கேட்கட்டும். பெயரை ஒளித்து, சட்டம் அறியாத உழைப்பாளியின் பையில் பொட்டலத்தைத் திணிப்பவன் உரிமைப் போராளி அல்லன், அவன் வழிப்பறிக்காரன்.

உழவர்க்கும் இதில் எச்சரிக்கை உண்டு. உத்தரகண்டு அரசு 2018-இல் நாருக்காக இச்செடியைப் பயிரிட உரிமம் தரத் தொடங்கியது. அதைக் காட்டி, ‘குச்சிக்கிழங்கை விட்டுவிட்டு எம்ப் போடு, பொன் விளையும்’ என்று இராசிபுரத்துக்கோ ஆத்தூருக்கோ எவனேனும் வருவானானால், உழவன் ஒன்றே கேட்க வேண்டும்: “அரசாணை எங்கே?” உரிமமின்றி விதைத்தவன் அறுப்பது நாரன்று, பத்தாண்டு வரை சிறை.

செய்ய வேண்டுவன சில உள. மயக்கப் பொருள் சட்டத்தின் வரையறையும் ஒறுப்பும் எளிய தமிழில் அச்சிடப்பட்டுப் பள்ளிகளிலும் சரக்குந்துப் பட்டறைகளிலும் விசைத்தறிக் கூடங்களிலும் ஒட்டப்படல் வேண்டும். அகரமுதலி செய்வோர் ‘எம்ப்’ என்னும் ஆங்கிலச் சொல்லுக்குச் ‘சணல்’ என்று ஒற்றைச் சொல்லில் கை கழுவாமல், ஐந்து செடிகளையும் பிரித்து ஐந்து பெயர்களையும் எழுதல் வேண்டும். ஆசிரியரும் பெற்றோரும் மிரட்டுவதை விட்டு, செடியைச் செடியென்றும் சட்டத்தைச் சட்டமென்றும் மருந்தை மருந்தென்றும் பிள்ளைகளுக்கு விளக்கிச் சொல்லல் வேண்டும். உறக்கமின்றி வாடும் உழைப்பாளிக்குப் பொட்டலம் தீர்வன்று. ஓய்வும் ஒழுங்கான பணி நேரமும் மருத்துவனுமே தீர்வு. அவற்றைத் தர வேண்டியவன் முதலாளியும் அரசும்.

தமிழில் பெயர் சொல்லுக என்பது புலவர் தம் விளையாட்டன்று. ஒரு பொருளைத் தன் தாய்மொழியில் பெயரிட்டு அறிந்தவனை எவனும் எளிதில் ஏமாற்ற முடியாது. எம்ப் என்று நீட்டப்பட்ட கையைப் பார்த்து, “இதற்குத் தமிழில் என்ன பெயர்?” என்று அந்த இளைஞன் ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும், நீட்டிய கை தானே பின்வாங்கியிருக்கும். அந்தக் கேள்வியை ஒவ்வொரு தமிழ்ப் பிள்ளையின் நாவிலும் ஏற்றி வைப்பதே இன்று செய்யத்தக்க தமிழ்ப்பணி.

சணப்பைச் சணப்பு என்க! கஞ்சாவைக் கஞ்சா என்க! பொய்ப்பெயர்க்குப் பலியாகாது வாழ்க தமிழிளைஞர்!