மூக்கில் சதை, நெஞ்சில் இரைப்பு: எந்த ஊசி யாருக்கு?



அடுப்பில் பால் தீய்ந்து வீடெங்கும் வாடை பரவுகிறது; அருகில் நிற்பவருக்கு மட்டும் அது தெரியவில்லை. அத்தரும் அவருக்கு ஒன்றுதான், கெட்டுப்போன குழம்பும் ஒன்றுதான். எரிவாயு கசிந்தாலும் அவர் உணரமாட்டார். நாள்பட்ட சைனஸ் அழற்சியால் மூக்கினுள் சதை வளர்ந்தவர்களின் நிலை இது. இவர்களில் பலருக்கு ஆஸ்துமாவும் உண்டு. மூக்கும் நுரையீரலும் ஒரே மூச்சுப்பாதையின் இரு பகுதிகள் என்பதே காரணம்.

உப்புநீரால் மூக்கைக் கழுவுதலும், ஸ்டீராய்டு கலந்த மூக்குத் தெளிப்பானும் முதற்கட்ட சிகிச்சை. ஸ்டீராய்டு மாத்திரை விரைவில் சுகம் தரும். ஆனால் அடிக்கடி உண்டால் சர்க்கரை ஏறும், எலும்பு தேயும். அறுவை சிகிச்சையால் சதையை அகற்றலாம். எனினும் பலருக்கு அது மீண்டும் வளர்ந்துவிடுகிறது. இத்தகையோருக்கே 'உயிரியல் மருந்துகள்' எனும் ஊசிகள் வந்துள்ளன. அழற்சியைத் தூண்டும் குறிப்பிட்ட பொருளை மட்டும் இவை தடுக்கின்றன.

ஒமலிசுமாப், ஒவ்வாமைக்குரிய ஐ.ஜி.ஈ. என்ற புரதத்தைப் பிடித்துக்கொள்கிறது. மெப்போலிசுமாப், ஈசினோஃபில் அணுக்களைப் பெருக்கும் இன்டர்லூக்கின் 5ஐத் தடுக்கிறது. டுபிலுமாப், இன்டர்லூக்கின் 4, 13 ஆகிய இரண்டின் வேலையையும் நிறுத்துகிறது. மூக்குச் சதைக்கென அமெரிக்காவில் முதலில் அனுமதி பெற்றது டுபிலுமாப் (2019). ஒமலிசுமாப் 2020இலும் மெப்போலிசுமாப் 2021இலும் அனுமதி பெற்றன. மூன்றும் ஆஸ்துமாவுக்கும் பயன்படுகின்றன.

இவற்றில் சிறந்தது எது? மூக்குச் சதையும் ஆஸ்துமாவும் சேர்ந்துள்ள 360 பேரிடம் டுபிலுமாபையும் ஒமலிசுமாபையும் நேருக்கு நேர் ஒப்பிட்ட 'எவரெஸ்ட்' ஆய்வு 2025இல் வெளியாயிற்று. 24 வாரங்களில் சதை சுருங்குவதிலும் மணம் திரும்புவதிலும் டுபிலுமாப் முந்தியது. இவ்வாய்வுக்குப் பொருளுதவி செய்தோர் அம்மருந்தின் தயாரிப்பாளர்களே என்பதையும் நினைவிற்கொள்க.

ஆயினும் எல்லோருக்கும் ஒரே ஊசி என்பதில்லை. ஆண்டு முழுதும் ஒவ்வாமையால் ஆஸ்துமா வருபவருக்கு ஒமலிசுமாப் பொருந்தலாம். ஈசினோஃபில் மிகுந்து இரைப்பு அடிக்கடி முற்றுபவருக்கு மெப்போலிசுமாப் பொருந்தலாம். டுபிலுமாபால் சிலருக்குக் கண் சிவந்து உறுத்தும். ஒமலிசுமாபால் அரிதாகக் கடும் ஒவ்வாமை நேரலாம். எனவே முதல் ஊசிகளை மருத்துவரின் கண்காணிப்பிலேயே போடவேண்டும்.

இந்த ஊசிகள் நோயை வேரோடு களைவதில்லை. நிறுத்தினால் சதை மீண்டும் தலைதூக்கலாம். விலையும் மிக அதிகம். ஆகவே நகையை அடகு வைக்குமுன், ஈசினோஃபில் அளவு என்ன, ஆண்டில் எத்தனை முறை ஸ்டீராய்டு மாத்திரை தேவைப்பட்டது, அறுவை சிகிச்சையே போதுமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். தொடங்கினால், ஆறு மாதத்தில் பலனை அளந்து பார்த்துத் தொடர்வதா என முடிவு செய்யுங்கள்.

இறுதியாக மூன்று எச்சரிக்கைகள். ஊசி போட்டதை நம்பி இன்ஹேலரை நீங்களாக நிறுத்தாதீர்கள்; திடீர் மூச்சுத்திணறலுக்கு இவ்வூசி உதவாது. மூக்குச் சதையும் ஆஸ்துமாவும் உள்ளவர்களில் சிலருக்கு ஆஸ்பிரின், இப்யூபுரூஃபன் போன்ற வலி மாத்திரைகளே உயிருக்கு ஆபத்தாகும்; தலைவலிக்குக் கடையில் கேட்டு வாங்கி விழுங்காதீர்கள். ஒரு பக்க மூக்கில் மட்டும் சதை வளர்ந்தாலோ இரத்தம் கசிந்தாலோ, தாமதமின்றிக் காது மூக்கு தொண்டை மருத்துவரை நாடுங்கள்.