கவலைக்கு ஒரு வர்ணப் பெட்டி

மனிதனுக்குப் பல நோய்கள் வருகின்றன. அவற்றில் வெளியே தெரியாத நோய் ஒன்று உண்டு. அதுதான் கவலை.

காரைக்காலில் அதற்குக் குறைவில்லை. கடலுக்குப் போன கணவன் கரை திரும்பும் வரை மனைவிக்குக் கவலை. கடல் தாண்டிப் பிழைக்கப் போன மகனை நினைத்துத் தாய்க்குக் கவலை. பரீட்சையை நினைத்துப் பிள்ளைக்குக் கவலை.

காரணம் உள்ள கவலைக்கு வழி தேடலாம். சிலருக்குக் காரணம் நீங்கிய பிறகும் நெஞ்சு படபடக்கிறது. இரவில் தூக்கம் வருவதில்லை. அவர்கள் என்ன செய்வது?

வர்ணப் பெட்டியை எடுத்துப் படம் வரைந்து பார்க்கலாம்! சிரிக்க வேண்டாம். இது அனுபவத்தில் கண்ட உண்மை.

காரைக்காலைப் போலவே புதுச்சேரி ஆட்சியில் உள்ள ஊர் மாஹே. அதன் பக்கத்து ஊர் தலச்சேரி. அங்கே வாழ்ந்த ஜெர்மன் பாதிரியார் குண்டர்ட், மலையாள மொழிக்கு அகராதி எழுதியவர். அவருடைய மகள் வயிற்றுப் பேரன்தான் எழுத்தாளர் ஹெர்மன் ஹெஸ்ஸே. 1946-ம் ஆண்டு நோபல் பரிசு பெற்றவர்.

1916-ம் ஆண்டு அவருக்குப் பொல்லாத ஆண்டு. தந்தை இறந்தார். மகன் கடுமையான நோயில் விழுந்தான். மனைவியின் மனநலம் கெட்டது. வெளியே உலகப் போர். ஹெஸ்ஸே மனம் உடைந்தார். மனநல டாக்டரிடம் போனார். அந்தச் சிகிச்சைக் காலத்தில்தான் படம் வரையத் தொடங்கினார்.

அப்போது அவருக்கு வயது நாற்பதை நெருங்கியிருந்தது. ஓவியப் பள்ளியில் படித்தவர் அல்ல. ஆனாலும் மலை, மரம், வீடு என்று நீர் வர்ணத்தில் வரைந்துகொண்டே இருந்தார். வரைவதுதான் தம்மைக் காப்பாற்றியது என்று பின்னர் அவரே எழுதினார். 'சித்தார்த்தா' என்ற புகழ் பெற்ற நாவல் அதற்குப் பிறகு, 1922-ல் வந்தது.

2016-ம் ஆண்டு அமெரிக்காவில் ஒரு சோதனை நடந்தது. 39 பேரிடம் களிமண், வண்ணப் பேனா, காகிதம் கொடுத்து, 45 நிமிடம் விருப்பம் போல எதையாவது செய்யச் சொன்னார்கள். மனம் பதறும்போது உடலில் ஊறும் 'கார்டிசால்' என்ற பொருள் முக்கால்வாசிப் பேருக்குக் குறைந்திருந்தது. கை தேர்ந்தவர், தேராதவர் என்ற பேதம் இல்லை!

நீர் வர்ணத்துக்குத் தனிக் குணம் உண்டு. தண்ணீர் தன் இஷ்டப்படி ஓடும். அவசரப்பட்டால் ஒரு நிறம் இன்னொன்றில் கலந்துவிடும். முதல் பூச்சு காயும் வரை காத்திருக்க வேண்டும். வெள்ளை வேண்டுமானால் காகிதத்தை அப்படியே விட்டுவிட வேண்டும். கண்ணும் கையும் இதில் ஈடுபட்டிருக்கும்போது, நாளைய கவலை சற்று நேரம் ஒதுங்கி நிற்கிறது.

2004 டிசம்பர் 26 அன்று சுனாமி நம் கரையைச் சூறையாடியது. வாய் திறந்து அழக்கூட முடியாத குழந்தைகள் இருந்தார்கள். தமிழகக் கரையோரத்தில் மனநல உதவிக்கு வந்தவர்கள் அவர்கள் கையில் காகிதமும் வர்ணமும் கொடுத்தார்கள். வாய் சொல்லாததைக் கை சொல்லியது.

"சோற்றுக்கே பாடு, படம் ஒரு கேடா?" என்று சிலர் கேட்கலாம். கேள்வி நியாயமானதே. படம் வரைந்தால் கடன் அடையாது. கடலில் இருப்பவர் சீக்கிரம் வந்துவிட மாட்டார். ஆனால் பதறிய மனம் ஒரு வேலைக்கும் உதவாது. அடங்கிய மனம் அடுத்த வழியைத் தேடும்.

ஆகவே, பெற்றோர்களே! பிள்ளை வரைந்ததைப் பார்த்து, "இது யானையா, பூனையா?" என்று கேலி செய்யாதீர்கள். ஆசிரியர்களே! ஓவிய வகுப்பைப் பறித்துக் கணக்குக்குக் கொடுக்காதீர்கள். தாய்மார்களே! பிள்ளையின் வர்ணப் பெட்டியை நீங்களும் திறந்து பாருங்கள். அரசலாற்றங்கரையை வரையுங்கள். கோணலாக வந்தால் என்ன? யாரும் மார்க் போடப் போவதில்லை.

ஒன்றை மறக்கக் கூடாது. வாரக்கணக்கில் தூக்கம் இல்லை, சாப்பாடு இறங்கவில்லை, உயிர் வாழவே பிடிக்கவில்லை என்றால் தூரிகை மட்டும் போதாது. உடனே டாக்டரிடம் போக வேண்டும். அரசாங்கத்தின் 'டெலி மானஸ்' சேவை இருக்கிறது. 14416 என்ற எண்ணுக்குப் பணம் இல்லாமல் பேசலாம். ஹெஸ்ஸேயும் டாக்டரிடம் போனவர்தான். அதில் வெட்கம் இல்லை.

சிறு வர்ணப் பெட்டி சினிமா டிக்கெட்டை விட மலிவு. கூட ஒரு தூரிகையும் ஒரு குவளைத் தண்ணீரும் போதும். இந்த ஞாயிற்றுக்கிழமையே தொடங்கலாம்.