இரண்டு கண்ணுக்கும் ஒரே நிறம்

முப்பரிமாணப் படம் என்றதும் கண்ணாடியைப் பற்றியும், திரையிலிருந்து நம் முகத்துக்கு நேரே பாயும் ஈட்டியைப் பற்றியும்தான் பேசுகிறோம். அந்தப் படத்துக்கு வண்ணம் எப்படி வந்தது என்று யாரும் கேட்பதில்லை. ரயில்வேயில் பொறியாளனாக இருந்து ஓய்வு பெற்ற எனக்கு, உண்மையான சாதனை அங்கேதான் இருப்பதாகத் தோன்றுகிறது.

தொடக்கத்தில் வண்ணத்துக்கு வழியே இல்லை. 1922-இல் லாஸ் ஏஞ்சல்ஸில் 'த பவர் ஆஃப் லவ்' காட்டப்பட்டபோது, ஒரு கண்ணுக்குரிய படம் சிவப்பிலும் மற்றதற்குரியது பச்சையிலும் திரையில் விழுந்தது. கண்ணாடியின் இரு நிறத் தகடுகள் அவற்றைப் பிரித்துக் கொடுத்தன. நிறமெல்லாம் கண்களைப் பிரிக்கவே செலவாகிவிட்டது; படத்துக்கென்று மிச்சமில்லை.

எட்வின் லேண்ட் கண்டுபிடித்த போலராய்டு தகடு இதை மாற்றியது. ஒளி அதிரும் திசையைக் கொண்டே கண்களைப் பிரிக்க முடிந்ததால், நிறம் அந்த வேலையிலிருந்து விடுபட்டது. 1940-இல் நியூயார்க் உலகக் கண்காட்சியில், காரின் பாகங்கள் தாமே வந்து பொருந்துகிற முப்பரிமாணக் குறும்படத்தை கிரைஸ்லர் நிறுவனம் டெக்னிகலரில் காட்டியது. ஆனால் டெக்னிகலர் கேமராவில் மூன்று ஃபிலிம்கள் ஓட வேண்டும். இரு கண்ணுக்கு இரண்டு கேமரா என்றால் ஆறு ஃபிலிம்! முழுநீளக் கதைப்படத்துக்கு இது பெரும் சுமை.

மூன்று வண்ண அடுக்குகளையும் ஒரே ஃபிலிமில் பூசிய ஆன்ஸ்கோ கலர், ஈஸ்ட்மன் கலர் வகைகள் வந்ததும் ஆறு இரண்டாகக் குறைந்தது. 1952 நவம்பரில் வெளியான 'புவானா டெவில்' ஆன்ஸ்கோ கலரில் எடுக்கப்பட்டது. அதன் கரு நமக்கு அந்நியமல்ல. 1898-இல், இன்றைய கென்யாவின் சாவோ ஆற்றுப் பாலம் கட்டும்போது, ரயில் பாதை போட இந்தியாவிலிருந்து சென்ற தொழிலாளர்களை இரண்டு சிங்கங்கள் கொன்ற நிகழ்ச்சியே அது. விமர்சகர்கள் பழித்தும் கூட்டம் அலைமோதியது.

நேர்ப்பாதையில் இரு தண்டவாளங்களும் ஒரே மட்டத்தில் இருந்தால்தான் வண்டி ஆடாமல் ஓடும். இங்கும் அப்படியே. இடக்கண் சுருளும் வலக்கண் சுருளும் நிறத்தில் வேறுபட்டால் பார்ப்பவருக்குக் கண் வலிதான் மிஞ்சும்.

சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. அந்நாளைய ஒற்றை ஃபிலிம் வண்ணப் பிரதிகளின் சாயம் நிலைக்கவில்லை; பல சிவந்து வெளிறிவிட்டன. டெக்னிகலர் கேமராவின் மூன்று நெகடிவ்களோ வெள்ளியாலான கறுப்பு-வெள்ளைப் பதிவுகள். அவற்றிலிருந்து வண்ணத்தை மீட்கலாம். சிரமமான வழியே ஆயுளில் வென்றது.

"பொருட்காட்சி வேடிக்கைதானே, அதற்கு ஏன் செலவு?" என்று சிலர் கேட்கலாம். எனக்கு உடன்பாடில்லை. ஒரு சுருள் போய்விட்டால் மிஞ்சுவது சாதாரணத் தட்டைப் படம்தான். இரு கண்களின் நிறத்தையும் கட்டம் கட்டமாக ஒப்பிட்டுச் சரிசெய்ய இன்று கணினி இருக்கிறது. ஆனால் இல்லாத சுருளை அதனால் உண்டாக்க முடியாது. ஆகவே இரண்டையும் சேர்த்தே காப்பாற்ற வேண்டும் என்பது என் திடமான கருத்து.

நம் வீட்டுப் பழைய கல்யாண ஆல்பங்களில் வண்ணப் படங்கள் மங்குவதும் சாயத்தின் குறைதான். ஊர்விட்டு ஊர் மாறும் நம்மவர்கள், அந்தப் பழைய நெகடிவ்களைக் குப்பை என்று எறிந்துவிடாமல், ஈரமில்லாத குளிர்ந்த இடத்தில் வைத்துக் காப்பாற்றுங்கள்.